விரதம் இருந்த காணி

கம்லூப்ஸ், கனடா
2 ஒக்டோபர் 2011

அக்காவுக்கு,

கடிதத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்று பதறவேண்டாம். எல்லோரும் இருக்கிறோம். டெலிபோனில் நீங்கள் கதைக்கிறீர்கள், நான் கேட்கிறேன். நான் வாயைத் திறந்தால் நீங்கள் சத்தம் போடுகிறீர்கள், நான் வைத்துவிடுகிறேன். போன மாதமும் அதுதான் நடந்தது. கடிதத்துக்குள் நீங்கள் குறுக்கே வரமுடியாது. அதனால் இனி எழுதப்போகிறேன்.

கேட்டதற்குப் பதில்: இல்லை, நான் பாரிஸுக்கு வரமாட்டேன். நீங்கள் வேலை செய்கிற மரக்கறிக் கடையில் எனக்கு இடம் இருக்கிறது, வீட்டில் அறை இருக்கிறது, லோறன்ஸ் அத்தானின் சொந்தத்தில் ஒரு பெட்டை இருக்கிறாள். எல்லாம் விளங்குகிறது. ஆனால் எனக்கு இங்கே லொறி ஓடுகிற வேலை இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. நீங்கள் என்னைக் கோழிக்குஞ்சைக் கடகத்தால் மூடுகிற மாதிரி மூடி வைக்கப் பார்க்கிறீர்கள். எனக்கு முப்பத்துமூன்று வயது.

அது கிடக்கட்டும். உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது, விதை. கனடா என்றால் உங்களுக்குப் பனியும் தேவதாரு மரமும்தான். இந்த ஊர் அப்படியில்லை. குளிர் உண்டு, மழை கிடையாது. மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறப் பற்றை. மன்னாரில் உடைமரம் நிற்கிற தரவை நிலத்தை எடுத்துக் குளிருக்குள் வைத்தால் எப்படியோ, அப்படி. அந்தப் பற்றைக்குள் யூன் முடிகிற நேரம் ஒரு காட்டு லில்லி பூக்கிறது. மூன்று இதழ், நல்ல ஊதா, இதழின் நடுவே பச்சைக் கோடு. இலையெல்லாம் காய்ந்த பிறகு, வெறும் குச்சியின் தலையில் வருகிறது. லொறியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மண்ணின் பழைய குடிகள் அதன் கிழங்கைத் தோண்டிச் சாப்பிடுவார்களாம். விதையைக் காட்டில் பிடுங்கவில்லை, இங்கே ஒரு பண்ணையில் விற்கிறார்கள்.

குளிர் தொடங்க மண்ணில் போட்டு வெளியிலேயே விடவேண்டும். வசந்தத்தில் முளைக்கும். கோடையில் இலை காய்ந்துவிடும், ஆனால் கீழே கிழங்கு உயிரோடு நித்திரை கொள்ளும். அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அழுகிவிடும். பூக்க நாலைந்து வருடம் செல்லும்.

உங்களால் முடியாது என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்குக் கைராசி உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியவேண்டும்.

சாந்தன்

—

லா சப்பல், பாரிஸ்
6 நவம்பர் 2011

தம்பி சாந்தனுக்கு,

கடிதத்தை வாசற்படியிலேயே நின்று படித்தேன். முதலில் கோபம் வந்தது, பிறகு இன்னும் கூடக் கோபம் வந்தது. கோழிக்குஞ்சாம், கடகமாம். உன்னைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு வளைந்துபோனது, அதற்கு இது நல்ல நன்றி. அந்தப் பெட்டைக்கு இப்போது வேறு இடத்தில் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது. உனக்கு யோகமில்லை, நான் என்ன செய்ய.

உனக்கு ஒரு புதினம் சொல்ல இருந்தேன், அதற்குள் டெலிபோனை வைத்துவிட்டாய். எனக்குக் காணி கிடைத்திருக்கிறது. ஓம், காணி. லா சப்பலில், கார் து நோர் நிலையத்து ரயில் ஓடுகிற தண்டவாளத்துக்கு மேல்கரையில் ஒரு சங்கம் தோட்டம் நடத்துகிறது. ஆளுக்கு ஒரு துண்டு. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, இந்த வசந்தத்தில்தான் என் முறை வந்தது. இரண்டு பாய் விரிக்கலாம். மூன்றாவது பாயை விரித்தால் அது பக்கத்துத் துண்டுக்காரர் இராஜதுரை அண்ணையின் வெங்காயத்தின் மேல்தான் கிடக்கும். சங்கத் தலைவி மதாம் இசபெல் சட்டத்தை வாசித்துக் காட்டித்தான் வாசல் பூட்டின் திறப்பைத் தந்தாள். காணியை வெறுமையாகப் போட்டுவைத்தால் அது அடுத்த ஆளுக்குப் போகும்.

சிரிக்காதே. ஊரில் ஐயாவின் காணிக்குள் இன்றைக்கும் நாங்கள் கால் வைக்க முடியாது. 2009இல் சண்டை முடிந்த பிறகு இந்த உலகத்தில் என் பெயர் எழுதி ஒரு மண் இருக்கிறதென்றால் அது இந்த இரண்டு பாய்தான். திறப்பைக் கையில் வாங்கிய அன்று அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த வருடம் கீரை, மிளகாய், பூசணி எல்லாம் போட்டு முழுத் தோட்டத்துக்கும் பங்கு கொடுத்தேன்.

விதையை நல்ல வெயில் விழுகிற மூலையில் போட்டிருக்கிறேன். எனக்கு ஏலாதாம். பார்ப்போம் தம்பி, யாருக்கு ஏலாதென்று.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

கொறற்றி அக்கா

—

லா சப்பல்
24 ஓகஸ்ட் 2012

சாந்தன்,

இன்னொரு பொட்டலம் அனுப்பு. என்ன ஏதென்று கேட்காதே, அனுப்பு.

சரி, சொல்கிறேன். எப்படியும் உன்னால் மூக்கை நுழைக்காமல் இருக்கமுடியாது.

மார்ச்சில் முளைத்தது. மயிர் மாதிரி ஒற்றை இலை, புல்லென்று பிடுங்கப் பார்த்து, நல்ல காலம் கையை இழுத்துக்கொண்டேன். யூனில் நீ சொன்ன மாதிரியே காய்ந்துபோனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றாமல் இருந்தேன். கீரைக்கு ஊற்றும்போது அந்த மூலையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அத்தனை கஷ்டம்.

மாதா திருநாளுக்கு எல்லாத் தமிழ்ச் சனத்தையும் மாதிரி நாங்களும் லூர்துக்குப் போனோம். கோடையில் ஊரில் இல்லாதவர்களின் காணிக்கு இருக்கிறவர்கள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுவது இங்கே வழக்கம். அந்த வாரம் இராஜதுரை அண்ணையின் முறை. கைபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன், "அண்ணை, எல்லாத்துக்கும் தண்ணி ஊத்துங்கோ, இந்த மூலைக்கு மட்டும் வேண்டாம்" என்று. மனிதர் தலையை ஆட்டினார்.

திரும்பி வந்து பார்த்தால் மூலை சதசதவென்று கிடக்கிறது. தோண்டினேன். அரிசிமணி அளவு கிழங்குகள், தொட்டால் கூழாகின்றன.

"பிள்ளை, நான் ஓம் எண்டு சொன்னனான்தான்," என்கிறார். "ஆனா அது வாடிச் செத்துக்கொண்டு கிடக்க, கையிலை தண்ணியை வைச்சுக்கொண்டு நான் என்னண்டு கடந்து போறது? மனம் கேக்கேல்லை. கொஞ்ச எருவும் போட்டனான்."

எருவும் போட்டாராம். நான் அவரோடு கதைப்பதில்லை.

விதை அனுப்பு.

அக்கா

—

கம்லூப்ஸ்
15 செப்ரெம்பர் 2012

அக்காவுக்கு,

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மன்னிக்கவேண்டும்.

விதை இருக்கிறது, இந்த முறை கூடவே வாங்கினேன். பண்ணைக்கார அம்மாவிடம் கேட்டேன். மூலைக்கு மட்டும் ஊற்றாமல் விட்டால் போதாதாம், பக்கத்தில் ஊற்றுகிற தண்ணீரும் மண்ணுக்குள்ளால் வந்துசேருமாம். மணலும் சரளைக்கல்லும் ஆழமாகக் கலந்து போடச் சொன்னா. உங்கள் இரண்டு பாயில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு பக்கம் கீரை, மறுபக்கம் இராஜதுரை அண்ணை. யோசித்துச் செய்யுங்கள்.

அந்த மனிதரோடு கதையுங்கள். கையில் தண்ணீரோடு காய்ந்த செடியைக் கடந்து போக எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே இன்னும் பனி விழவில்லை. லொறியில் தனியாகப் போகும்போது உங்கள் கடிதத்தை நினைத்து எனக்கு நானே சிரிக்கிறேன். இதைச் சொல்லவேண்டுமோ தெரியாது, சொல்லிவிட்டேன்.

சாந்தன்

—

லா சப்பல்
19 மே 2013

தம்பிக்கு,

யோசித்துச் செய்தேன். கீரையை எடுத்துவிட்டேன். பூசணி, மிளகாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். காணி முழுக்க இப்போது மணலும் கல்லும்தான். லோறன்ஸ் அத்தான் மெட்ரோப் படியால் மணல் மூட்டை தூக்கிக் கொண்டுவந்தார், பாவம் மனிதர், இடுப்பு நாரி பிடித்துவிட்டது. "ஒரு பூவுக்காகக் காணியைப் பாலைவனமாக்கிப் போட்டியே," என்கிறார். ஒரு பூவுக்காக இல்லை. தம்பிக்காரன் ஏலாதென்று சொல்லிவிட்டானே, அதற்காக.

முளைத்திருக்கிறது. போன தடவையைவிட நிறைய.

நான் செய்த அடுத்த வேலையைக் கேள். நாங்கள் காணி என்றால் முதலில் வேலியைத்தானே அடைப்போம். கடையில் மாம்பழம் வந்த பெட்டிகளின் மரச் சிலாகையைக் கழற்றிச் சுற்றிவர அறைந்து, பச்சைத் துணி கட்டி, ஒரு படலையும் வைத்தேன். அவ்வளவு அழகு. அடுத்த நாள் கடை முடிந்து போகிறேன், தோட்டத்துத் தமிழாட்கள் அத்தனை பேரும் வேலியடியில். இராஜதுரை அண்ணை சாண் போட்டு அளந்துகொண்டிருக்கிறார்.

"பிள்ளை, என்ர பக்கம் வந்திட்டாய்."

"உங்கடை வெங்காயம்தான் அண்ணை என்ர பக்கம் வந்தது."

"எல்லைக் கல்லு எங்கை?"

"பிரான்சிலை எல்லைக் கல்லோ?"

அங்கே நின்ற ஒருவருக்கும் இது புதினமாகத் தெரியவில்லை, ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மதாம் இசபெல் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், இது எல்லோருக்கும் பொதுவான தோட்டம், யாரும் எதையும் அடைக்கமுடியாது, இன்றைக்கே கழற்றவேண்டும் என்று. கழற்றினேன். இராஜதுரை அண்ணைதான் ஆணி பிடுங்கித் தந்தார். அப்படியே கதையும் வந்துவிட்டது.

ஆனால் வேலியும் இல்லாமல் இந்தக் கோடையை எப்படிக் கடத்தப்போகிறேனோ தெரியாது. லீவு எடுக்காமல் காவல் இருக்கப்போகிறேன். லூர்து மாதா அடுத்த வருடம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுவா.

அக்கா

—

கம்லூப்ஸ்
30 யூன் 2013

அக்காவுக்கு,

வேலிக் கதையைச் சத்தமாக வாசித்தேன். அஜந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஜந்தா இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. இதற்கு மேல் ஒன்றும் கேட்கவேண்டாம்.

மலையில் இந்த வருடம் நிறையப் பூத்திருக்கிறது. யாரும் ஒன்றும் செய்யவில்லை, தானாகவே.

சாந்தன்

—

லா சப்பல்
24 ஓகஸ்ட் 2014

தம்பி சாந்தனுக்கு,

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருடமாகிறது, எந்த ஊர், யாருடைய மகள், கோயிலுக்குப் போகிற பிள்ளையா என்று ஒரு வரி எழுதினேனா? எழுதவில்லை. கலியாணப் படம் தபாலில் வந்த பிறகும், "ஏன் முதலே சொல்லவில்லை" என்று கேட்டேனா? கேட்கவில்லை. நான் கேட்காமல் இருக்கிறேன் என்பதை மட்டும் நீ கவனிக்கவேண்டும். நல்ல வடிவான பிள்ளை. அதையும் கேள்வியாகச் சொல்லவில்லை.

இனிக் காணிக்கு வருகிறேன். போன கோடை நான் காவல் இருந்து தப்பியது. இந்தக் கோடை கடையில் லீவு கட்டாயம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். கெஞ்சினால் கேட்காத சனம், எதைச் சொன்னால் கேட்கும்? இராஜதுரை அண்ணையிடம் போய், "அண்ணை, இது அந்தோனியாருக்கு வைச்ச நேத்திக்கடன், ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்றேன். மனிதர் இரண்டு அடி தள்ளி நின்று கும்பிட்டார். அப்பாடா என்று லூர்துக்குப் போனேன்.

நாங்கள் என்ன சனம் என்பதை நான் மறந்துபோனேன், அதுதான் பிழை. திரும்பி வந்தால் காணியின் ஓரத்தில் மெழுகுதிரி எரிகிறது. மாலை கிடக்கிறது. பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்து ஒரு குடும்பம் ரயில் ஏறி வந்து பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனைக்காக நேர்ந்துவிட்டுப் போயிருக்கிறது. அதையெல்லாம் பொறுக்கலாம். நான் உள்ளே போகும்போது ஒரு அம்மா போத்தலோடு குனிந்து நிற்கிறா. பால். என் கிழங்குக்குப் பால் ஊற்றப்போகிறா.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "என்ன பிள்ளை, நேத்தி எண்டால் பால் வாக்கிறதுதானே" என்று அவ முறைக்கிறா. இராஜதுரை அண்ணையும் வந்துவிட்டார். பின்னால் மதாம் இசபெல். அந்த நேரம் என் வாயில் அது எப்படி வந்ததோ தெரியாது. "அம்மா, இந்த மண் விரதம்," என்றேன். "கோடை முடியும் வரைக்கும் ஒண்டும் குடிக்காது."

அவ்வளவுதான். அந்த அம்மா போத்தலை மூடிவிட்டா. "அதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றா. விரதத்தில் இருக்கிற ஆளுக்கு யாராவது பால் பருக்குவார்களா? இராஜதுரை அண்ணை மாலைகளை எடுத்துத் துப்புரவாக்கினார். "விரதம் எண்டால் விரதம்தான். நான் பார்த்துக்கொள்ளுறன்," என்றார். அன்றிலிருந்து மற்றவர்களின் குழாய் என் பக்கம் திரும்பாமல் அவரே காவல். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அது விரதம்தானே.

அஜந்தாவுக்கு என் அன்பு.

அக்கா

—

லா சப்பல்
9 ஒக்டோபர் 2016

சாந்தன்,

பிள்ளையின் படம் கிடைத்தது. நெற்றி எங்கள் பக்கம். பெயர் வைத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு நான் சந்தோசமாக எழுதவில்லை. சங்கத்தில் என் காணியைப் பற்றி முறைப்பாடு. கோடைக்குக் கோடை மணலும் கல்லுமாகக் கிடக்கிறது, அதற்குள் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்று. மதாம் இசபெல் கூப்பிட்டுச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் பயம். வருகிற யூனில் பொதுக்கூட்டம், அதில் வாக்கெடுப்பார்கள். அதற்குள் ஏதாவது வளர்ந்து நின்றால் சரி. இல்லையென்றால் காணி ஆலீஸ் என்கிற மனுசிக்குப் போகும். அவதான் பட்டியலில் அடுத்த ஆள். நல்ல மனுசி, தண்டவாளத்துக்கு எதிரே ஜன்னல் இருந்தும் இல்லாத மாதிரி ஒரு வீட்டில் இருக்கிறா. அவமேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

வசந்தத்தில் இலை வருகிறது, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் அகலம், பிறகு காய்ந்துபோகிறது. பூ இல்லை.

அக்கா

—

கம்லூப்ஸ்
1 நவம்பர் 2016

அக்காவுக்கு,

இதைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். பூவை விடுங்கள். மேல்மண்ணைப் போட்டுக் கீரையை விதையுங்கள். யூனுக்குள் பச்சைப் பசேலென்று நிற்கும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். உங்கள் கைக்கு அது ஒரு மாத வேலை.

ஏலாதென்று நான் எழுதியது வாய்க்கொழுப்பு. அதற்காக நீங்கள் காணியை இழக்கக்கூடாது. அந்த இரண்டு பாய் உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். பண்ணைக்கார அம்மாவும் சொல்கிறா, ஈரமான நாட்டில் இது பூப்பது சந்தேகம்தானாம்.

அக்கா, கேளுங்கள். இந்த ஒருமுறை நான் சொல்வதைக் கேளுங்கள்.

சாந்தன்

—

லா சப்பல்
28 மே 2017

தம்பிக்கு,

கேட்கவில்லை.

குளிர்காலம் முழுக்க உன் கடிதம் சமையலறை மேசையில் கிடந்தது. கீரை விதையும் வாங்கி வைத்தேன், பொய் சொல்லமாட்டேன். பெப்ரவரியில் ஒருநாள் விதையோடு போனேன். இராஜதுரை அண்ணை கேட்டார், "என்ன பிள்ளை, விரதத்தை முறிக்கப் போறியோ?" அந்தக் குரலில் இருந்த கவலையைக் கேட்டு, விதையை அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன். இத்தனை கோடை பட்டினி கிடந்த மண்ணை நான் எப்படி ஏமாற்றுவது?

இப்போது கேள். ஒரு இலையின் நடுவால் ஒரு குச்சி எழும்பியிருக்கிறது. அதன் நுனியில் ஏதோ முண்டிக்கொண்டு இருக்கிறது. இன்னொரு இலையாகவும் இருக்கலாம். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்கும் அந்தோனியாருக்கும் மட்டும்தான். கூட்டம் யூன் 17.

நித்திரை இல்லை.

அக்கா

—

லா சப்பல்
18 யூன் 2017, ஞாயிறு

என் தம்பி சாந்தனுக்கு,

வெண்டாச்சு. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும். வென்றுவிட்டேன் தம்பி.

நேற்று முழுக்கக் கடையில் வேலை. சனிக்கிழமை, ஃபொபூர் சேன்-தெனி வீதியில் கால் வைக்க இடமில்லாத சனம், வெயில் வேறு நெருப்பு. வெள்ளி மாலை பார்த்தபோது மொட்டு மூடித்தான் இருந்தது. கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு அம்மாவுக்கு இரண்டு தரம் நிறுத்துவிட்டேன். ஐந்து மணிக்குக் கூட்டம். அரைக்கால் சட்டைப் பிள்ளை மாதிரி ஓடினேன்.

தோட்டத்து வாசற்படலையில் நின்று பார்க்கிறேன், இராஜதுரை அண்ணை என் காணிக்கு முதுகைக் காட்டி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். ஒருவரையும் கிட்ட விடவில்லை. என்னைக் கண்டதும் கையை இறக்கினார். அவருடைய முகம் முழுக்க ஈரம். "பிள்ளை, வந்து பார்," என்றார்.

பூத்திருந்தது.

நீ எழுதியது சரியில்லை. ஊதா என்று எழுதினாய். அது மட்டும் ஊதா என்றால் கத்தரிக்காயும் ஊதாதான். மூன்று இதழும் கிண்ணம் மாதிரி விரிந்து, உள்ளே பச்சைக் கோடு ஓடி, வெயில் அதற்குள்ளால் தெரிகிறது. பக்கத்தில் இலையில்லை, ஒன்றும் இல்லை. காய்ந்த மணலும் கல்லும், அதற்கு நடுவில் தன்பாட்டில் நிற்கிறது. நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். லோறன்ஸ் அத்தான் என் தோளில் கை வைத்தார். எல்லோருக்கும் முன்னால் அவர் அப்படிச் செய்வதே இல்லை.

அதோடு முடிந்ததென்று நினைக்காதே. கூட்டம் மரத்தடியில் தொடங்கியது. மதாம் இசபெல் நியாயமான மனுசி. பூ அழகுதான் என்றாள். ஆனால் இத்தனை கோடை வெறுங்காணிக்கு ஒரே ஒரு பூ, இதைப் பயிர் என்று சொல்வதா, அதைச் சபை சொல்லட்டும் என்றாள். நான் எழும்பினேன். எனக்குப் பிறெஞ்சு ஓரளவு வரும், உனக்குத் தெரியும். ஒரு சொல்லும் வரவில்லை. நான், வாய் அடைத்துப்போய் நின்றேன். உன்னால் இதை நம்பமுடியாது.

அப்போது இராஜதுரை அண்ணை எழும்பினார். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிய மனிதர், பொன்ஜூர், மெர்சி தவிர அவர் வாயில் பிறெஞ்சு நான் கேட்டதில்லை. முதலில் தன் நெஞ்சைத் தொட்டு, "முவா, அசசான்," என்றார். நான் கொலைகாரன் என்று. சபை திடுக்கிட்டுப் போனது. பிறகு தண்ணீர் ஊற்றுகிற மாதிரிக் காட்டி, கிழங்கு செத்த மாதிரித் தலையைச் சரித்தார். சிரிப்பு எழும்பியது. அவர் சிரிக்கவில்லை. என் காணியைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "லா தேர். பா மான்ஜே. பா புவார். எல் ஃபே கரேம்." மண் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை, அது நோன்பு இருக்கிறது. பூவைக் காட்டி, "ஒஜூர்துயி, ஃபேத்," என்றார். இன்றைக்குத் திருநாள்.

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அல்ஜீரியா, மொரோக்கோ ஆட்கள். இப்போது நோன்பு மாதம். அந்த வெயிலுக்குள் விடியற்காலையில் இருந்து ஒரு சொட்டும் குடிக்காமல் உதடு வெடித்து இருக்கிறார்கள். பின்வரிசையில் முராத் என்று ஒரு மனிதர், தக்காளி போடுகிறவர். அவர்தான் முதலில் சிரித்தார். "இந்த மண் எங்கள் ஆள்தான்," என்று சொல்லிக் கையை உயர்த்தினார். பக்கத்தில் இருந்த பெண்கள் உயர்த்தினார்கள். எங்கள் ஆட்கள் உயர்த்தினார்கள். முறைப்பாடு செய்த மனிதர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் தானும் உயர்த்தினார். மதாம் இசபெல் எண்ணத் தொடங்கி, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். கையை உயர்த்தாமல் இருந்தது நான் மட்டும்தான், இரண்டு கையாலும் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆலீஸும் வந்திருந்தா. அவவிடம் போனேன், என்ன சொல்வதென்று தெரியாமல். அவ பூவைப் பார்த்துக்கொண்டே, "இன்றைக்கு இந்தக் காணியை எடுத்துக்கொள்ளத்தான் வந்தேன், கோபத்தோடு வந்தேன்," என்றா. பிறகு முராத் அவவுக்குத் தன் துண்டில் பாதியைத் தருவதாகச் சொன்னார், வயது போகிறது, குனிய முடியவில்லை என்று. இரண்டு பேரும் அங்கேயே தக்காளியைப் பற்றி வாதாடத் தொடங்கிவிட்டார்கள்.

வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. மதாம் இசபெல் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், என் பெயருக்கு எதிரே "லில்லி" என்று மையால் எழுதினாள். மற்றவர்களுக்குத் தக்காளி, அவரை, கத்தரி. எனக்கு லில்லி. இனி ஒருவரும் அதை அழிக்கமுடியாது. ஐயா இருந்தால் அந்தப் பலகைக்கு முன்னால் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்திருப்பார். நானே எடுத்தேன், உள்ளே வைத்திருக்கிறேன். அஜந்தாவுக்குக் காட்டு. பிள்ளைக்கும் காட்டு, விளங்காவிட்டாலும் காட்டு. வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் காட்டு. பண்ணைக்கார அம்மாவுக்குக் கட்டாயம் காட்டு.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பத்து மணி ஆக வெளிச்சம் இறங்கியது. முராத் வீட்டாட்கள் சூப்பும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள், நாங்கள் கடையில் இருந்து வடையும் ரோல்சும் எடுத்துவந்தோம். அவர்கள் நோன்பு திறக்கும் நேரம் எல்லோர் கையிலும் போத்தல் வந்தது. அவ்வளவு வெயிலுக்குப் பிறகு குளிர்ந்த தண்ணீர், இராஜதுரை அண்ணை அண்ணாந்து குடித்து நெஞ்செல்லாம் ஊற்றிக்கொண்டார், ஆலீஸ் குடித்தா, இசபெல் குடித்தாள், நான் மூச்சு விடாமல் குடித்தேன். என் காணிக்கு மட்டும் ஒருவரும் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை.

கொறற்றி அக்கா